ஆடவர் மார்புநோயும் அதனை ஆராயும் படங்களும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதரை மேடையேற்றினால் கம்பரைப்பற்றியோ வள்ளுவரைப்பற்றியோ அன்றி வேறெதனைப் பேசப்போகின்றார் என்று நீங்கள் எண்ணியிருத்தல் இயல்பே. ஆயினும் இம்முறை ஒரு நோயைக் குறித்துப் பேச இடந்தரல் வேண்டுமென்று நம் காரியதரிசியவர்களை யாமே வேண்டிக்கொண்டோம். அந்நோய் ஆடவர் மார்பிலே தோன்றுவது. யாம் வைத்தியரல்லேம், எனினும் வல்லுநர் எழுதியவற்றைப் படித்தும், தெரிந்த வைத்தியர்களை வினாவியும் அறிந்தவற்றை நம்மவர்க்கு விளங்குந் தமிழில் எடுத்துரைத்தல், ஆசிரியத் தொழில் பூண்ட எம்மனோர்க்குக் கடனாகும் என்று கருதி இதனை மேற்கொண்டோம். இதனைப் பேசாதிருத்தலால் விளையுந் தீங்கை யாம் கண்ணெதிரே கண்டோம். அதனை முதலிற் கூறுவாம்.

நம் சமூகத்தைச் சார்ந்தவரும், எம்முடன் ஒரே பள்ளியிற் பணியாற்றி ஓய்வு பெற்றவருமாகிய பெரியவர் ஒருவர் உளர். அகவை 66. அவருக்கு இடமார்பின் காம்புக்கு அடியிற் புளியங்கொட்டையளவில் ஒரு கட்டி தோன்றிற்று. வலி சிறிதும் இல்லை. வலியில்லாமையால் தீங்கில்லையென்று அவர் துணிந்து, விளக்கெண்ணெய் தடவியும் ஒத்தடமிட்டும் எட்டு மாதங் கழித்தார். வீட்டிலும் மேல்துண்டைக் களையாதிருந்தார். ஒருநாள் அவர் பனியனில் ஒரு குருதிப்பொட்டைக் கண்ட மனைவியார் வற்புறுத்தவே, ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். படமெடுக்கும் அறைவாயிலில், ‘மகளிர் பகுதி’ என்று எழுதிய பலகையின்கீழ்ப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்தார். அங்கிருந்த பணியாளர், ‘நோயாளி எங்கே? அந்த அம்மாளை அனுப்புங்கள்’ என்றார். ‘நோயாளி நானே’ என்றார் இவர். அருகிருந்தோர் சிரித்துவிட்டனர். பெரியவர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மீண்டும் அவர் ஒரு வைத்தியரிடஞ் செல்லுதற்கு மேலும் நான்கு மாதமாயிற்று. அதற்குள் அக்குளிலும் ஒரு கட்டி எழுந்துவிட்டது.

மற்றொருவன், எம்மிடத்தில் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற மாணவன். விளையாட்டிற் சிறந்தவன், திடீரென்று விளையாட்டை விட்டான். பள்ளியினின்று திருக்கோயிலொன்றுக்குச் சென்றபோது, ஆடவர் சட்டை களைந்து உட்புகுதல் அங்கு வழக்கமாதலின், தலைவலியென்று பொய் கூறி வாயிலிலேயே நின்றுவிட்டான். தனியே அழைத்து வினாவியபோதுதான் அவன் மார்பு இருபுறமுஞ் சிறிது பருத்திருப்பதும், உடன்பயில்வோர் அவனுக்குப் பெண்பெயரிட்டு அழைப்பதுந் தெரியவந்தன. அவனோ தனக்குப் புற்றுநோயென்று எண்ணி இரவெல்லாம் உறங்காதிருந்தான்.

இவ்விருவருள் அஞ்சவேண்டியவர் அஞ்சவில்லை, அஞ்சவேண்டாதவன் அஞ்சினான். இருவரையும் வாய்மூடச் செய்தது நாணம் ஒன்றே. வெண்ணிப்போரிற் பட்ட புறப்புண்ணுக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்நீத்தானென்பது புறநானூற்றால் அறியக்கிடக்கின்றது. மார்பிற் பட்ட புண்ணைப் பெருமையென்று கொண்டாடிய மரபு நம்முடையது. அம்மரபில் வந்தோர் மார்பில் எழுந்த கட்டியைச் சிறுமையென்று மறைத்தல் பொருந்துமா? சேரமான் நாணியது வீரத்தின் பொருட்டு. நாம் நாணுவது அறியாமையின் பொருட்டு. அறியாமை நீங்கின் நாணமும் நீங்கும். ஆதலின் விஷயத்திற் புகுவாம்.

ஆடவர் மார்பின் இயல்பு

இறைவன் ஆடவர்க்கும் முலைக்காம்பைப் படைத்துள்ளான். அதன் அடியிற் சில நுண்குழாய்களும், அவற்றைச் சூழ்ந்து கொழுப்பும் உள. பெண்டிர்க்குப் பருவம் எய்தியபின் அக்குழாய்களின் முனையிற் பால் சுரக்குஞ் சிறுசிறு அறைகள் வளர்கின்றன. ஆடவர்க்கு அவை பொதுவாக வளர்வதில்லை. வேறுபாடு அவ்வளவே. அடிப்படை ஒன்றாயிருத்தலின், அதிற் றோன்றும் நோயும் இருபாலார்க்கும் ஒருவாறு பொதுவாகின்றது.

ஆடவர் உடலில் ஆண்மைக்குரிய ஹார்மோனே அன்றிப் பெண்மைக்குரிய ஹார்மோனும் சிறிதளவு உண்டு. இவ்விரண்டன் சமநிலை பிறழ்ந்து, பின்னது ஓங்குமாயின் காம்பின் அடியிலுள்ள சுரப்பித்தசை வளர்ந்து மார்பு பருக்கும். இதற்கு மேனாட்டு வைத்தியர் இட்ட பெயர் ‘கைனகோமாஸ்டியா’ என்பது. ‘பெண்’ என்னும் பொருளதும் ‘முலை’ என்னும் பொருளதுமாகிய இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து ஆயது இது. பெயர்தான் கொடியது; நோய் அன்று. ஆடவர் மார்புக்குறைகளுள் மிகப் பெரும்பாலன இதுவே.

இது வாழ்வில் மூன்று பருவங்களில் இயல்பாகவே தோன்றும். முதலாவது, பிறந்த குழவிப்பருவம். தாயின் ஹார்மோன் குழவியின் உடலிற் கலந்திருத்தலாற் குழவியின் மார்பு பருத்திருக்கும். சில நாளிலோ சில வாரங்களிலோ தானே அடங்கும். அதனைப் பிசைந்து பால் பீச்சும் வழக்கம் நம் வீடுகளில் இன்னுஞ் சிலவிடத்து உளது. அது சீழ்பிடித்தற்கு ஏதுவாகுமாதலின், அறவே விடத்தக்கது. இரண்டாவது, மீசை அரும்பும் பருவம். 13, 14 வயதுச் சிறுவருட் பாதிப்பேரளவில் இது சிறிதேனுங் காணப்படும். பெரும்பாலார்க்கு ஓரிரண்டு ஆண்டில் மறைந்துபோம். எம் மாணவனுக்கு உற்றது இதுவே. மூன்றாவது, ஆண்மைக்குரிய ஹார்மோன் குறையும் முதுமைப்பருவம்.

இவையன்றி வேறு காரணங்களும் உள. ஈரற்குலை சுருங்குதல், சிறுநீரகம் பழுதுறுதல், தைராயிடு மிகுதல், விதைப்பையிற் கட்டி தோன்றுதல் என்பன அவற்றுட் சில. மதுவால் ஈரலைக் கெடுத்துக்கொண்டோர்க்கு இது நேர்தல் கண்கூடு. மருந்துகளும் காரணமாகும்: இருதயநோய்க்கும் ஈரல்நோய்க்குங் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், வயிற்றுப்புண்ணுக்குக் கொடுத்துவந்த சிமெடிடின், ஆண்களுக்குள்ள பிராஸ்டேட் சுரப்பியின் நோய்க்குக் கொடுக்கும் பினாஸ்டிரைடு, பைகாலுடமைடு ஆகியன. உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர் தசைபெருக்கக் கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகளையும் இங்கே சொல்லாமல் விடுதல் ஆகாது. ஆதலின் மார்பு பருத்தவர் வைத்தியரிடஞ் செல்லுங்கால், தாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒளியாது கூறல் வேண்டும். உடல் பருத்தோர்க்குக் கொழுப்பு மட்டும் மார்பிற் சேர்ந்து அவ்வாறு தோன்றுதலும் உண்டு, அது போலி.

அஞ்சத்தக்க நோய்

இனி, அரிதாயினும் அஞ்சத்தக்கது புற்றுநோய். மார்பிற் புற்றுநோய் உற்றோர் நூறு பேருள் ஆடவர் ஒருவருக்குங் குறைவு. அமெரிக்க நாட்டில் 2024ஆம் ஆண்டில் ஆடவர் 2,790 பேர்க்கு இந்நோய் புதிதாய்க் காணப்படுமென்றும், 530 பேர் இதனால் இறப்பரென்றும் அந்நாட்டுப் புற்றுநோய்ச் சங்கத்தார் மதிப்பிட்டனர். அறுபது வயதைக் கடந்தோர்க்கே இது பெரிதும் வருகின்றது. அரிது என்பதனாலேயே இதனை யாரும் ஐயுறுவதில்லை. ஐயுறாமையால் முற்றியபின்னரே வெளிப்படுகின்றது. அரிதாயிருத்தலே இந்நோய்க்கு அரணாகின்றது.

இதன் குறிகளை எல்லோரும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கைனகோமாஸ்டியா பெரும்பாலும் காம்பின் நேரடியில் வட்டமாய், அழுத்தினால் இழையுந் தன்மைத்தாய், தொட்டால் நோவதாய் இருக்கும்; இருபுறமுந் தோன்றுதலும் மிகுதி. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் ஒருபுறத்ததாய், கல்போற் கடினமாய், காம்பினின்று சிறிது விலகியதாய், வலியற்றதாய் இருக்கும். காம்பு உள்வாங்குதல், காம்பினின்று நீரோ குருதியோ கசிதல், தோல் சுருங்குதல் அல்லது புண்படுதல், அக்குளிற் கட்டி எழுதல் என்பனவும் அதன் குறிகள். ‘வலியில்லை, ஆதலின் தீங்கில்லை’ என்று எம் பெரியவர் எண்ணியது எத்துணைத் தவறென்பது இதனால் விளங்கும்.

படங்கள் வந்த வரலாறு

ஒரே சொல் இரு பொருள்பட நிற்குமிடத்து உரையாசிரியர் இடமும் ஏவலும் நோக்கிப் பொருள் துணிவது போல, ஒரே கட்டி இரண்டில் எதுவோவென்று ஐயம் நிகழுமிடத்து வைத்தியர்க்குத் துணைநிற்பன படங்களாகும். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனி தேசத்து வூர்ட்ஸ்புர்க் நகரில் ரான்ட்ஜன் என்பார் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1913இற் பெர்லின் நகர் ரண வைத்தியர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுத்த மார்புகள் 3,000ஐ அக்கதிராற் படம்பிடித்து, புற்று எவ்வடிவில் தோன்றுமென்று ஆராய்ந்தார். 1930இல் அமெரிக்காவில் ஸ்டாபோர்டு வாரன் என்பார் உயிருடனிருக்கும் மகளிரையே அவ்வாறு படமெடுத்துக் காட்டினார். 1960இல் ஹூஸ்டன் நகரத்து ராபர்ட் ஈகன் வகுத்த முறையாற் படங்கள் தெளிவுற்றன. இவ்வாறு வளர்ந்ததே இன்று ‘மேமோகிராம்’ என வழங்குவது. ஒலியலையைச் செலுத்தி அதன் எதிரொலியைப் படமாக்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனை 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜான் வைல்டு என்பார் மார்புக்கட்டிகளை ஆராயப் பயன்படுத்தினார். பல கோணங்களிற் படமெடுத்து ஏடேடாகப் புரட்டிப் பார்ப்பது போலக் காட்டும் ‘டோமோசிந்தசிஸ்’ என்னும் முறைக்கு 2011இல் அமெரிக்க அரசினர் இசைவளித்தனர். இவையனைத்தும் மகளிர் பொருட்டே ஆக்கப்பட்டனவெனினும், ஆடவர்க்கும் அவ்வாறே பயன்படுகின்றன.

யாருக்கு எப்படம்?

இங்கேதான் நம்மவர் இரண்டு தவறு செய்கின்றனர். வேண்டியவர் படமெடுக்க நாணுகின்றனர். வேண்டாதவர் பொருள் செலவிட்டு எல்லாப் படங்களையும் எடுத்துக்கொள்கின்றனர். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி என்னும் படவைத்தியர் கழகத்தார் 2018ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட நெறிமுறை இவ்விரண்டையும் விலக்குவது. அதன் சாரத்தை நான்காகத் தொகுத்துக் கூறுவாம்.

ஒன்று: வைத்தியர் கையாற் றொட்டுப் பார்த்து, இது கைனகோமாஸ்டியாவே அல்லது வெறுங் கொழுப்பே என்று தெளிவாராயின், படம் எதுவும் வேண்டுவதில்லை. எம் மாணவனுக்கு வைத்தியர் மார்பையும் விதைப்பையையுஞ் சோதித்து, ‘அச்சமில்லை, ஆறு மாதங் கழித்து வா’ என்று கூறியனுப்பினார். படமெடுக்கவில்லையே என்று அவன் தந்தையார் குறைபட்டுக்கொண்டார். எடுக்காததே முறை.

இரண்டு: தொட்டுப் பார்த்தும் இன்னதென்று துணியவியலாத கட்டியாய், நோயாளி 25 வயதுக்கு உட்பட்டவராயின், முதலில் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுக்கவேண்டும். அவ்வகவையிற் புற்று மிக மிக அரிது. அன்றியும் ஒலியலையிற் கதிரின் தீங்கு இல்லை. அப்படத்தில் ஐயந் தோன்றினால் மட்டும் மேமோகிராம் எடுக்கவேண்டும்.

மூன்று: அவ்வாறு துணியவியலாத கட்டி 25 வயது நிரம்பியவர்க்கு உளதாயின், முதலில் மேமோகிராமோ டோமோசிந்தசிஸோ எடுக்கவேண்டும். அதிலும் தெளிவு பிறவாவிடினும், ஐயத்துக்கு இடமாவது காணப்படினும், அல்ட்ராசவுண்டைத் துணையாகக் கொள்ளல்வேண்டும். ஸ்கேனை முதலில் எடுத்தால் என்னவென்று வினவலாம். கைனகோமாஸ்டியா ஒலியலைப்படத்திற் சிலபோது புற்றே போலத் தோற்றுதலுண்டு. மேமோகிராமிலோ அது காம்பின் பின்னே விசிறி போலவோ தீச்சுடர் போலவோ விரிந்து தன்னை இன்னதென்று காட்டிவிடும். முறை மாறினால் வேண்டாத ஊசிக்குத்து நேரும்.

நான்கு: முற்கூறிய அஞ்சத்தக்க குறிகளுள் யாதேனும் ஒன்று உளதாயின், அகவை எதுவாயினும் மேமோகிராமையே முதலில் எடுக்கவேண்டும், அல்ட்ராசவுண்டு அதற்குத் துணையாகும். அக்குளையுஞ் சேர்த்துப் பார்த்தற்கு அது பயன்படும். எம்.ஆர்.ஐ. என்னும் பெருஞ்செலவுப் படம் முதற்படியில் யாருக்கும் வேண்டுவதில்லை.

குறியேதும் இல்லாத ஆடவர் அனைவரும் ஆண்டுதோறும் படமெடுத்துக்கொள்ளல் வேண்டுமென்பதும் நெறியன்று. குளிக்குங்கால் தம் மார்பைத் தாமே தடவிப் பார்த்து, மாற்றமொன்று கண்டால் வைத்தியரிடஞ் செல்லுதலே போதும்.

படமெடுக்கும் முறை

அறியாத பொருளே அச்சந்தருவதாகலின், படமெடுக்கும் அறையில் நிகழ்வதையுங் கூறிவிடுவாம். மேற்சட்டையைக் களைந்து நிற்கவேண்டும். மார்புத்தசையை இரண்டு தட்டுகளின் நடுவே வைத்துச் சில நொடிப்பொழுது அழுத்துவர். ஆடவர்க்குத் தசை குறைவாதலின் பற்றியிழுத்து வைக்க நேரும், சிறிது நோகும், பொறுக்கக்கூடியதே. மேலிருந்து கீழாக ஒன்றும் பக்கவாட்டிற் சாய்வாக ஒன்றுமாக, ஒரு மார்புக்கு இரண்டு படம். ஒருபுறத்தே நோவிருப்பினும் இருபுறமும் எடுத்தல், ஒன்றையொன்றோடு ஒப்புநோக்குதற் பொருட்டாம். இதிற் படுங் கதிரின் அளவு, நாம் மண்ணினின்றும் வானினின்றும் இயற்கையாகவே சில வாரங்களிற் பெறும் அளவினதே. ஆடவரிடத்து மேமோகிராம் புற்றைக் காட்டுந் திறன் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டது.

படத்தைப் பார்த்த வைத்தியர் தம் கருத்தை ‘பைராட்ஸ்’ என்னும் எண்ணாற் குறிப்பர். 0 என்பது இன்னும் படம் வேண்டுமென்பதனையும், 1 குற்றமில்லை என்பதனையும், 2 தீங்கற்றது என்பதனையும், 3 பெரும்பாலுந் தீங்கற்றது என்பதனையும், 4 ஐயத்துக்குரியது என்பதனையும், 5 புற்றென்றே கருதத்தக்கது என்பதனையும், 6 முன்னரே புற்றென்று உறுதிப்பட்டது என்பதனையுங் குறிக்கும். எண் பெரிதாயின் மதிப்பெண் மிகுந்ததென்று மகிழற்க. இது பள்ளித்தேர்வு அன்று. 4 அல்லது 5 என வருமாயின், ஊசியாற் சிறிது தசையை எடுத்து நுண்ணாடியில் ஆராய்வர். இதுவே பயாப்சி. படம் ஐயத்தை எழுப்பும், அகற்றும், ஆயின் முடிவு கூறுவது தசையே.

முடிவு புற்றென்றே வரினும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. மார்பளவில் நிற்கும்போதே கண்டறியப்பட்ட ஆடவர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் ஐந்தாண்டுக்கு மேலும் வாழ்தலை அமெரிக்க நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. நோய் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் கண்டறியப்பட்டோரில் அவ்வாறு வாழ்வோர் நான்கில் ஒரு பங்கினருங் குறைவு. இவ்விரண்டற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காலமே ஆக்குகின்றது. அக்காலத்தை நாணத்துக்கு இரையாக்கல் தகுமா?

நாணாது கூறிய இருவர்

அமெரிக்காவில் எட்வர்டு புரூக் என்பார் ஒருவர் இருந்தார். பொதுமக்கள் வாக்கினால் அந்நாட்டுச் செனட் சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட முதற் கறுப்பினத்தார் அவரே. அது நிகழ்ந்தது 1966இல். 2002இல், தம் 82ஆம் அகவையில், அவர்க்கு மார்பிற் புற்று உளதென்று தெரிந்தது. இரு மார்பையும் அறுத்து நீக்கினர். மறுவருஷம் அவர் அதனை உலகறியக் கூறினார். ஆடவர்க்கும் இந்நோய் வருமென்பதை மற்றையோர் அறிந்து பிழைத்தல் வேண்டுமென்பதே அவர் நோக்கம். அதன்பின்னும் பன்னிரண்டு ஆண்டளவில் வாழ்ந்து, 2015ஆம் ஆண்டு ஜனவரியில், 95ஆம் அகவையில் இயற்கையெய்தினார்.

மற்றொருவர் மாத்யூ நோல்ஸ். புகழ்பெற்ற பாடகி பியான்சேயின் தந்தையார். 2019இல் தம் சட்டையிற் சிறு குருதிப்பொட்டுகள் படிதலைக் கண்டார். படுக்கை விரிப்பிலும் அவ்வாறே இருத்தலை அவர் மனைவியார் கண்டார். எம் பெரியவரின் பனியனிற் கண்ட அதே பொட்டு. அவர் காலந் தாழ்த்தாது வைத்தியரிடஞ் சென்று மேமோகிராம் எடுத்துக்கொண்டார். அவ்வாண்டு ஜூலையில் ரண சிகிச்சை நடந்தது. அக்டோபரில் அதனை யாவரும் அறியச் சொன்னார். அவரைச் சோதித்தபோது, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுவிற் பிழையுண்மை வெளிப்பட்டது.

மறைத்தலால் மக்கட்கு விளையுந் தீங்கு

இம்மரபணுவைப்பற்றிக் கூறுதலே இப்பேச்சின் தலையாய பகுதி. பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணு எங்குளதென்பது 1994இற் கண்டறியப்பட்டது. அதிற் பிழையுடையோர்க்கு மார்புப்புற்று வருதல் ஏனையோரினும் பன்மடங்கு மிகுதி. மார்புப்புற்று உற்ற ஆடவர் எல்லார்க்கும் இப்பிழை இருப்பதில்லை. பத்தில் ஒருவரளவிற் காணப்படுகின்றது. ஆயின் உடையவர், ஆணாயினும் பெண்ணாயினும், தம் மக்கள் ஒவ்வொருவர்க்கும் அதனைக் கொடுத்தற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இந்நோய் தாய்வழியில் மட்டுமே வருமென்று நம்மவர் எண்ணுதல் பிழை; தந்தைவழியும் வரும். இப்பிழையைப் பெற்ற பெண்டிருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேல் வாழ்நாளில் ஒருகால் மார்புப்புற்று உறுவர். அறிந்திருப்பாராயின், இளமை முதலே ஆண்டுதோறுஞ் சோதித்துத் தம்மைக் காத்துக்கொள்ளுதல் கூடும்.

இப்போது எம் பெரியவர் வரலாற்றில் விடுபட்டதொன்றைக் கூறுவாம். அவர் நோயை மறைத்தற்கு நாணம் மட்டுங் காரணமன்று. அப்பொழுது அவருடைய இளைய மகட்கு நம் சமூகத்திலேயே ஒரு நல்லிடத்தில் மணம் பேசிக்கொண்டிருந்தனர். தமக்குப் புற்றென்று வெளிப்பட்டால் சம்பந்தம் முறிந்துவிடுமென்று அவர் அஞ்சினார். அவருடைய தங்கையார் தம் 48ஆம் அகவையில் மார்புப்புற்றால் இறந்தவர். அதனையும் அக்குடும்பத்தார் ‘காய்ச்சலால் இறந்தார்’ என்றே கூறிவந்தனர். மகள் வாழ்வு கெடாதிருத்தற்பொருட்டு மறைத்தார். ஆனால் மறைத்தமையாற் கெடவிருந்தது மகளின் உயிரே. ரண சிகிச்சைக்குப்பின் மரபணுவைச் சோதித்தபோது அப்பிழை அவரிடத்து உளதாயிற்று. மகளிர் இருவரையுஞ் சோதித்தனர். இளையாட்கு இல்லை. மூத்தாட்கு உண்டு. மூத்தவளுக்கு மணமாகிப் பத்தாண்டாயிற்று. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இற்றைநாளில் அவள் முறையாகச் சோதனை செய்துகொண்டு நலமாயிருக்கின்றாள். தந்தையார் இன்னுஞ் சில ஆண்டு வாய்திறவாதிருந்தால் அவள் நிலை யாதாயிருக்கும்?

‘இவ்வரலாற்றைச் சங்கத்திற் சொல்லுங்கள், என் பெயரை மட்டும் சொல்லவேண்டா, மகளுக்காக மறைத்தேன் என்பதை மறவாது சொல்லுங்கள்’ என்று அப்பெரியவரே எமக்கு இசைவளித்தார். அவர் மருந்துண்டு தேறிவருகின்றார். நோய் முழுதும் நீங்கிற்றென்று வைத்தியர் இன்னும் உறுதி கூறவில்லை.

நம் சங்கம் செய்யத்தக்கன

சகோதரர்களே! நம் சங்கம் மணத்தொடர்புகளை ஒழுங்கு செய்கின்றது. குடும்பங்களின் வம்சாவளியைத் தொகுத்து வைத்திருக்கின்றது. யார் யாருக்கு மாமன், எவ்வூர் எக்கிளை என்று ஏழு தலைமுறைக்குச் சொல்ல நம்மால் இயலும். ஆயின் நம் பாட்டியார் எந்நோயால் இறந்தாரென்று கேட்டால், நம்மிற் பலர்க்கு விடை தெரியாது. ஆதலின் மூன்றினை வேண்டிக்கொள்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் முன்னோர் எந்நோயால் எவ்வகவையில் இறந்தனர் என்பதைத் தம் வீட்டளவில் எழுதிவைத்துத் தம் மக்கட்குத் தெரிவித்தல் வேண்டும். சங்கப் புத்தகத்தில் எழுதுமாறு யாம் கூறவில்லை; அதனைப் பிறர் தவறாகப் பயன்படுத்துதல் கூடும். வீட்டுப்பெட்டியில் இருந்தாற் போதும்.

இரண்டாவது, நம் சங்கத்தார் ஆண்டுதோறும் நடத்தும் வைத்திய முகாமில் மார்புச்சோதனை பெண்டிர்க்கென்று மட்டும் அறிவிக்கப்படுகின்றது. அவ்வறிவிப்பில் ‘ஆடவருங் குறி கண்டால் வரலாம்’ என்னும் ஒரு வரியைச் சேர்த்தல் வேண்டும். ஒரு வரிக்குச் செலவு ஒன்றுமில்லை. அங்குத் தொண்டு செய்யும் இளைஞர், அவ்வாறு வரும் ஆடவரைக் கண்டு சிரியாதிருத்தல் அதனினும் பெரிய தொண்டாகும்.

மூன்றாவது, மணம் பேசுங்கால், ‘பெண் வீட்டில் இன்ன நோய் உண்டாமே’ என்று சம்பந்தத்தை முறிக்கும் வழக்கத்தை நாம் கைவிடல் வேண்டும். நோய் வாராத குலம் எது? நோயை வெளியிட்ட குடும்பம் தன் மக்களைக் காத்துக்கொண்ட குடும்பம். மறைத்த குடும்பமே அஞ்சத்தக்கது. நாம் அவ்வாறு முறிக்குங் காலமெல்லாம், தந்தைமார் மறைத்துக்கொண்டே இருப்பர். அப்பழி அவர்மேல் மட்டும் அன்று, நம்மேலும் சாரும்.

எம் மாணவன் இப்பொழுது பதினோராம் வகுப்பிற் பயில்கின்றான். அவனுக்கு உற்ற பருமன் வைத்தியர் கூறியவாறே அடங்கிவிட்டது. மீண்டும் ஆடுகளத்தில் இறங்கிவிட்டான். படமும் வேண்டவில்லை, மருந்தும் வேண்டவில்லை, ஒருவர் இருந்து கேட்டலே வேண்டியிருந்தது. பெரியவருக்கோ ஒரு படம் வேண்டியிருந்தது. அது ஓராண்டு முந்தி வேண்டியிருந்தது. யாருக்கு எது வேண்டுமென்று பகுத்தறிதல் வைத்தியர் தொழில். அவரிடத்துச் சென்று வாய்திறந்து சொல்லுதலே நம் தொழில்.